மகள் சம்பாதித்த பணம் மாமியாருக்கு

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் வக்கீல், என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு, அதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மகள் தானே உழைத்துச் சம்பாதித்து, கணவனும் குழந்தையும் இல்லாத நிலையில், உயில் எழுதாமல் இறந்துபோனால் அவள் பணம் யாருக்குப் போகும்? பெற்ற தாய்க்குத்தானே என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. அதன் 15ஆம் பிரிவு, இறந்துபோன இந்துப் பெண்ணின் சொத்து யார் யாருக்குப் போகும் என்று வரிசை போட்டு வைத்திருக்கிறது. முதலில் மகன், மகள், கணவன். இவர்கள் யாரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அந்தப் பக்கம் ஒருவருமே இல்லையென்றால்தான் அவளுடைய அம்மாவும் அப்பாவும். கணவனின் வாரிசுகள் என்றால் மாமியார், மாமனார், மைத்துனர், நாத்தனார், நாத்தனார் பிள்ளைகள் என்று அந்தப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். அத்தனை பேரையும் தாண்டித்தான் பெற்றவளின் முறை வரும்.

இதே சட்டத்தில் ஓர் ஆண் இறந்தால் கதை வேறு. 8ஆம் பிரிவின்படி அவனுடைய அம்மா, மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து முதல் வரிசையிலேயே நிற்கிறாள், சமபங்கு வாங்குகிறாள். மாமியார் வீட்டார் யாரும் மருமகன் சொத்தைக் கேட்டு, அவருடைய மனைவியின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வர முடியாது. ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளில் மகன் போனால் அவள் முதல் வாரிசு, மகள் போனால் மூன்றாம் வரிசை.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகள் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகி இரண்டாம் வருடமே மாப்பிள்ளை பைக் விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. காரியம் முடிந்த கையோடு பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் நைட் டியூட்டி பார்த்து வீட்டை நடத்தியிருக்கிறாள், தம்பியைப் படிக்க வைத்திருக்கிறாள், ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கியிருக்கிறாள். மஞ்சள் காமாலை முற்றிப் போய்விட்டாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த அம்மா என் மேசையில் எடுத்து வைத்தவை: பாஸ்புக், பிஎஃப் காகிதங்கள், மனைப் பத்திரம், மனைக்குத் தவணை கட்டிய ரசீதுக் கட்டு. ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் அந்த மாதப் பணம் எங்கிருந்து வந்தது என்று மகள் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். ‘ஓ.டி. பணம்’, ‘பொங்கல் போனஸ்’, ‘அம்மா வளையல் அடகு’. நுணுக்கமான கையெழுத்து, மருந்துச் சீட்டில் எழுதிப் பழகிய கை.

“எல்லாம் அவ கையால சம்பாதிச்சதும்மா. அவங்க வீட்டுக் காசு ஒத்தப் பைசா கிடையாது. இந்த ரசீதக் காட்டுனா ஜட்ஜு அய்யாவுக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த ரசீதுகள்தான் அவருக்கு எதிரான சாட்சி. மனை அப்பாவிடமிருந்து வாரிசாக வந்ததாக இருந்தால், பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பிறகு அது அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று அதே 15ஆம் பிரிவு சொல்கிறது. அப்பாவின் மனைவி என்ற முறையில் இந்த அம்மாவுக்கும் கிடைத்திருக்கும். மகள் தன் சொந்த உழைப்பில் வாங்கியதால் அந்த விதிவிலக்கு பொருந்தாது, கணவன் வீட்டுக்குப் போய்விடும். அவள் உழைத்தாள் என்று நாம் எவ்வளவு உறுதியாக நிரூபிக்கிறோமோ, அவ்வளவு உறுதியாக அவள் அம்மா தோற்பார். இத்தனை வருடத் தொழிலில் ஒரு கட்சிக்காரரிடம் இதைவிடக் கொடுமையான விளக்கத்தை நான் சொன்னதில்லை.

அந்த அம்மாவுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, பேங்க் டெபாசிட்டில் அவர் பெயர்தான் நாமினி. இரண்டு, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிலும் அவர் பெயர் இருந்தது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள மட்டுமே அதிகாரம் உள்ளவர், உரிமை வாரிசுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு டெபாசிட் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாசில்தார் சான்று குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும், சொத்துரிமையைத் தீர்மானிக்காது. மாப்பிள்ளையின் தாயார் உயிரோடு இருந்தார். சட்டப்படி எல்லாம் அவருக்குத்தான். அவர் பெயரில் வக்கீல் நோட்டீஸ் விட்டது அவருடைய மூத்த மகன். வங்கி பணத்தை நிறுத்தி வைத்தது.

என் சீனியரிடம் வழக்குக் கட்டைக் கொண்டுபோனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “நாராயணி தேவி கேஸப் பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

நாராயணி தேவிக்கு 1955-இல் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டார். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார். பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கிக் கணக்குகளிலும் பிஎஃபிலும் பெரிய தொகை இருந்தது. அவருடைய தாய் ராம்கிஷோரி உரிமை கேட்டார், கணவரின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். வழக்கு நடக்கும்போதே தாய் காலமாகிவிட, நாராயணியின் சகோதரர் ஓம்பிரகாஷ் தொடர்ந்து நடத்தினார். 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இது கடினமான வழக்குதான், ஆனால் அனுதாபத்தை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்று கூறி, அவ்வளவையும் கணவர் வீட்டாருக்குக் கொடுத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு விதவை வாழ்க்கையின் சம்பாத்தியம், அவரைத் துரத்திய வீட்டுக்குப் போனது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நாடாளுமன்றம் எழுதியதை நீதிமன்றம் மாற்றி வாசிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சட்டம், எல்லோரும் சமம், ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசமைப்பின் 14, 15 ஆகிய பிரிவுகளுக்கு முன்னால் நிற்குமா என்ற கேள்வியை எடுத்துப் பேசியிருக்கலாம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரோஷன் தால்வி 2012-இல் அதைத்தான் செய்தார். இந்த வரிசை பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டும் பாகுபாடு, செல்லாது என்றார். அதே நீதிமன்றத்தில் முன்பு ஒரு தனி நீதிபதி இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்ததால், விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது. அந்தப் பழைய தீர்ப்பின் வாதம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான்: கல்யாணமானதும் பெண் கணவன் குடும்பத்துக்குப் போய்விடுகிறாள், ஆகவே சொத்தும் அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்தால் அவள் அந்த வீட்டுப் பெண் என்று திண்ணையில் பேசுவதைச் சட்டப் பிரிவாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

1956-இல் இதை எழுதியவர்களை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் பெண்ணைத் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆக்கியது. அன்று சம்பளம் வாங்கும் பெண்கள் குறைவு, பெண்ணிடம் சொத்து என்றால் பிறந்த வீட்டிலிருந்து வந்தது அல்லது கணவன் வீட்டிலிருந்து வந்தது என்றுதான் நினைத்தார்கள். இரண்டுக்கும் வழி சொல்லிவிட்டு, அவள் சம்பாதிப்பாள் என்பதை யோசிக்காமல் விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இன்று நர்ஸும் டீச்சரும் ஐ.டி. பெண்ணும் விழுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்து இரண்டு வரிசை கிடையாது. அதிலும் வேறு குறைகள் உண்டு, அது தனிக் கதை.

தமிழ்நாட்டுக்காரியாக எனக்கு இதில் கூடுதல் வருத்தம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட ஊர் நாம். 1989-இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்து மாநிலச் சட்டம் கொண்டுவந்தோம், அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டோம் என்றாலும். 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில், 2005 திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற தகராறும் தீர்ந்தது. இத்தனை திருத்தத்திலும் மகள் என்ன வாங்குவாள் என்றுதான் பேசினோம். அவள் விட்டுப்போவது யாருக்கு என்ற பக்கத்தை யாரும் தொடவில்லை.

அந்த அம்மாவின் வழக்கு கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் ராஜியில் முடிந்தது. மனை தாய்க்கு, வங்கிப் பணத்திலும் பிஎஃபிலும் சரிபாதி மாமியாருக்கு. மாமியாரை அவர் மகன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கைநாட்டு வைக்கும் முன் அந்தப் பாட்டி, “இது எந்தப் பணம்டா?” என்று மகனிடம் கேட்டார். செத்துப்போன மருமகளின் சம்பளம் என்பதே அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ராஜிக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னது நான்தான். சட்டப்படி போயிருந்தால் மனையும் போயிருக்கும்.

2025 நவம்பரில் இந்தப் பிரிவை எதிர்த்து வந்த ஒரு மனுவில், உச்ச நீதிமன்றம் அது செல்லுமா செல்லாதா என்று முடிவு சொல்லாமல், பெண்கள் எல்லோரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை, நானும் தினமும் சொல்வதுதான். ஆனால் ஆண் உயில் எழுதாமல் செத்தாலும் அவன் அம்மாவைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. அதே பாதுகாப்பைப் பெண் தானே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

இருந்தாலும் சட்டம் மாறும்வரை எழுதி வையுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. எந்தச் சொத்து யாருக்கு என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போடுங்கள், அவர்களும் போடட்டும். சொத்து வாங்கப்போகிறவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்னால் சண்டை குறையும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அப்பா தான செட்டில்மெண்ட்டாக எழுதிக் கொடுத்த வீடு இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள். அது வாரிசாக வந்த சொத்து என்ற கணக்கில் சேராது, அதுவும் கணவன் பக்கமே போகும்.

நாடாளுமன்றத்துக்கு வேலையும் பெரிதில்லை. பெண் சுயமாகச் சம்பாதித்த சொத்து, கணவன் வாரிசுகளுக்கும் பெற்றோர் வாரிசுகளுக்கும் சமமாகப் போக வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் 2008-லேயே பரிந்துரை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் அதுவும் குறைவு, 8ஆம் பிரிவில் மகனுக்கு இருப்பதைப் போலத் தாயை முதல் வரிசையிலேயே வைக்க வேண்டும். நாராயணி தேவி தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டே அந்த அறிக்கை அரசின் கையில் இருந்தது.