மதியம் இரண்டு மணிக்குத் தெரிந்துவிடும்

டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாக வருகிறவர்களை லைன் இன்சார்ஜ் ஆக்கிவிடுவது பல வருஷமாக என் வேலையில் பாதி. மீதிப் பாதி, அப்படி ஆனவர்களுக்குள் வரும் சண்டையைத் தீர்ப்பது. வாகன உதிரிபாகம் செய்யும் ஃபேக்டரி, வரிசையாக சி.என்.சி லேத் (கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்), மூன்று ஷிப்ட். ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணிக்க வேண்டியதில்லை.

இருபது வயதுப் பிள்ளைகளைப் பொறுப்புக்குத் தயார் செய்ய அவர்களுக்குள் போட்டி வைப்பதா, சேர்ந்து வேலை செய்யப் பழக்குவதா என்று மீட்டிங்கில் பேச்சு வந்தால் எப்போதும் போட்டிதான் ஜெயிக்கும். "ஓட விட்டாத்தான் சார் எவன் தேறுவான்னு தெரியும்" என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், டீ வரும். போட்டியே ஆகாது என்கிற கட்சி இல்லை நான். ஆனால் எதற்கு மார்க் போடுகிறோம் என்று பார்க்காமல் வைக்கிற போட்டி, தலைமைக்கு லாயக்கில்லாதவனைத்தான் தேடிப்பிடித்துக் கொடுக்கும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் லைனில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் டிரெய்னிகளை ஆளுக்கொரு ஷிப்டில் ஒரே லைனில் போட்டார்கள். யார் ஷிப்டில் அதிக பீஸ் வருகிறதோ அவருக்கு மாதாமாதம் போர்டில் போட்டோ, வருஷக் கடைசியில் முதலில் இருப்பவர் இன்சார்ஜ். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணிக்கையும் முதல் மாதம் ஏறியது.

எப்படி ஏறியது என்பதுதான் கதை. லேத்தில் உலோகத்தை வெட்டுகிற சின்னத் துண்டு இன்சர்ட், அதற்கு நாலு எட்ஜ், அதாவது வெட்டும் முனை, உண்டு. ஒரு எட்ஜ் இத்தனை பீஸ் தாங்கும் என்று ஒரு கணக்கு, அது முடிந்தால் திருப்பிப் போட வேண்டும். திருப்பி, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுத்து, முதல் பீஸை அளந்து, குவாலிட்டியில் ஓகே வாங்குவதற்குள் பத்துப் பதினைந்து நிமிஷம் போய்விடும். அந்த நேரத்தில் எத்தனை பீஸ் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டவன், மதியம் ஒன்றரை மணிக்குத் திருப்ப வேண்டிய எட்ஜை இரண்டு மணி வரைக்கும் இழுத்து ஓட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவான். எட்ஜ் தேயத் தேய வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகும். இரண்டு மணிக்கு பி ஷிப்டில் வருகிறவனுக்கு முதல் பத்துப் பீஸ் ரிஜக்‌ஷன், அந்தக் கோபத்தில் அவன் வெட்டி விழுந்த உலோகச் சிப்ஸை வாராமல், சூடு தணிக்கிற கூலன்ட் ஊற்றாமல் ராத்திரிக்காரன் தலையில் கட்டுவான், ராத்திரிக்காரன் காலையில் வருகிறவன் தலையில். துளையின் அளவைச் சரிபார்க்கிற நல்ல பிளக் கேஜ் ஒன்று திடீரென்று காணாமல் போகும், தேடினால் யாருடைய லாக்கரிலாவது துணி சுற்றி இருக்கும்.

எனக்கு இதையெல்லாம்விட உறுத்தியது லாக் புக், ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்கிற நோட்டு. "கூலன்ட் பம்ப் சத்தம் போடுது, மெயின்டெனன்ஸ்ல சொல்லியிருக்கேன், ரெண்டாம் ஸ்டேஷன்ல சக் பிரஷர் கொஞ்சம் இறங்குது பார்த்துக்கோங்க" என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், போட்டி ஆரம்பித்த பிறகு எழுதியது ஒரே வார்த்தை: "நார்மல்". ஒரு பையனைக் கூப்பிட்டு ஏன் தம்பி என்று கேட்டதற்கு, "நான் கண்டுபிடிச்சதை எழுதினா அவன் அதை வெச்சு நம்பர் எடுப்பான் சார்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் வைத்த பரீட்சைக்கு அவன் சரியாகப் படித்திருந்தான், அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகள் வருகிற இடத்தையும் பார்க்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டைக் கொடுக்காமல் மறைத்து வளர்ந்த தலைமுறை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது நல்ல காரியம்தான், ஆனால் தெருவுக்குத் தெரு தொங்கும் டியூஷன் சென்டர் பேனரை எந்த அரசாணையும் கழற்றவில்லை. அப்புறம் ஃபேக்டரிக்கு வந்தால் இங்கேயும் ஒரு போர்டு, ஒரு போட்டோ.

பெரிய கம்பெனிகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் ஆட்களை 20, 70, 10 என்று பிரித்துக் கடைசிப் பத்து சதவீதத்தை வெளியே அனுப்புகிற முறை உலகம் முழுக்கப் பிரபலம். மைக்ரோசாஃப்ட் அதே மாதிரி ஒரு தரவரிசையை வருஷக்கணக்கில் வைத்திருந்துவிட்டு 2013 நவம்பரில் கைவிட்டது. நம் ஊர் ஹெச்.ஆர். பவர்பாயிண்ட்டில் மட்டும் ஆட்களை இப்படிப் பிரிக்கிற பெல் கர்வ் (மணி வடிவக் கோடு) இன்னும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் மேனேஜ்மென்ட்டும் சும்மா இருக்கவில்லை. ஷிப்டுகளுக்குள் ஒற்றுமை இல்லை என்று தெரிந்ததும் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரியாணி போட்டார்கள். அங்கேயும் ஏ ஷிப்டுக்கும் பி ஷிப்டுக்கும் கிரிக்கெட் மேட்ச் வைத்தார்கள்! நடந்ததை எழுத வேண்டாம், பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து வந்தன என்பதோடு விடுகிறேன்.

சேர்த்து உட்கார வைத்தால் சேர்ந்துவிடுவார்கள் என்பது பழைய நம்பிக்கை. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை வைத்து நடத்திய முகாமைப் பற்றி ஒரு டிரெய்னிங்கில் கேட்டபோது எனக்கு எங்கள் ரிசார்ட்தான் ஞாபகம் வந்தது. பதினோரு வயசுப் பிள்ளைகள், இரண்டு அணி, பரிசுக்குப் போட்டிகள். கொஞ்ச நாளில் ஒருத்தர் கொடியை ஒருத்தர் எரிப்பது, அடுத்தவர் குடிலில் புகுந்து கலைத்துப் போடுவது வரை போனது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். கடைசியில் வேலை செய்தது வேறு: முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்தி எல்லாருமாகக் கோளாறு தேட வைத்தது, சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றதும் இரண்டு அணியும் சேர்ந்து அதை இழுத்தது. இழுத்தது எதால்? முன்னே இரண்டு அணியும் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயன்படுத்திய அதே கயிறு. பெரியவர்களே பின்னாலிருந்து சண்டையை மூட்டிவிட்டார்கள் என்று அந்த ஆய்வின் மேல் பின்னால் விமர்சனமும் வந்தது. அதனால் எனக்கு அந்த ஆய்வின் மேல் மதிப்புக் குறையவில்லை. போர்டை மாட்டியவர்களும் பெரியவர்கள்தானே.

சரி, கூட்டாக வேலை என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பாலிடெக்னிக் ப்ராஜெக்ட் எப்படி நடக்கும் என்று தெரியும்தானே, ஒருத்தன் செய்வான், நாலு பேர் பேர் போட்டுக்கொள்வார்கள், வைவாவில் அந்த ஒருத்தனே எல்லாருக்கும் பதில் சொல்வான். அதுவும் தலைமைக்குப் பயிற்சி ஆகாது, ஓசிச் சவாரிக்குப் பயிற்சி. எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டினில் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த ஜிக்சா முறை இதற்கு நேரடியான விடை. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள், தன் துண்டை அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் எல்லாருக்கும் முழுப் பாடம் கிடைக்கும். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளும் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. யாரும் ஒளிந்துகொள்ள முடியாது, யாரையும் ஒதுக்கவும் முடியாது.

அதைக் கொஞ்சம் மாற்றி இப்போது இருக்கிற இடத்தில் செய்கிறோம். ஒருத்தருக்கு இன்சர்ட்டும் டூல் லைஃபும், ஒருத்தருக்கு கேஜ், ஒருத்தருக்கு ஹைட்ராலிக், ஒருத்தருக்கு ப்ரோகிராம். மாதக் கடைசியில் ஹைட்ராலிக் படித்தவரிடம் கேஜ் பற்றிக் கேட்போம், தடுமாறினால் கேஜ் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் மார்க் குறையும். இரண்டாவது மாற்றத்துக்கு மேலிடத்தில் ரொம்ப நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது: ஒரு ஷிப்டின் மார்க்கில் பாதி, அடுத்த ஷிப்டின் முதல் ஒரு மணி நேரத்தில் வரும் நல்ல பீஸ் கணக்கு. நீ எவ்வளவு ஓட்டினாய் என்பது பாதிதான், உனக்குப் பின்னால் வந்தவன் எப்படி ஆரம்பித்தான் என்பது மீதி. போட்டி அப்படியே இருக்கிறது, அதை ஜெயிக்க அடுத்தவனுக்கு உதவி செய்தாக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் முதலில் தலையெடுத்தது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒரு பெண். திருவண்ணாமலைப் பக்கம், அதிகம் பேசாது, பீஸ் எண்ணிக்கையில் எப்போதும் நடுவில்தான். பழைய போர்டில் அந்தப் பெண்ணின் போட்டோ ஒருநாளும் வந்திருக்காது. அது எழுதுகிற லாக் புக் இப்படி இருக்கும்: "மூணாவது எட்ஜ் போட்டு 140 பீஸ் ஆச்சு. எக்ஸ்ல (விட்டத்துல) 20 மைக்ரான் குறைச்சிருக்கேன். இன்னும் 40 பீஸ் தாங்கும், அதுக்கு மேல ஓட்டாதீங்க அண்ணா. புது இன்சர்ட் டிராயர்ல வெச்சிருக்கேன்." பி ஷிப்டில் வருகிற, இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஆபரேட்டர் ஒருவர், டிரெய்னி என்றாலே "வாத்தியார் வந்துட்டார்" என்று கிண்டல் செய்கிறவர், மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நாள் கழித்து, "பாப்பா, இந்த ஜாப்புக்கு ஃபீடைக் கொஞ்சம் குறைச்சுப் பாரு" என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த மனுஷரிடமிருந்து ஒரு யோசனை வாங்க நாங்கள் படாத பாடு பட்டிருக்கிறோம்.

ஜப்பானில் 1960களில் குவாலிட்டி சர்க்கிள் (தொழிலாளிகளே கூடித் தரக் கோளாறைத் தீர்க்கும் குழு) வளர்ந்ததும், அமெரிக்கத் தர நிபுணர் டெமிங், ஆட்களை வருஷா வருஷம் தரம் பிரிப்பதை ஒரு வியாதி என்றே சொன்னதும், 1998-ல் சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, தரத்துக்குத் தருகிற டெமிங் பரிசை வாங்கியதும் இந்தத் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம். குவாலிட்டி சர்க்கிள் போட்டிகளுக்கு நாங்களும் டீம் அனுப்புகிறோம், ஜெயித்தால் சந்தோஷம்தான், தோற்றால் இரண்டு நாள் பேச்சு இருக்காது. அந்தப் போட்டியால் யாரும் கேஜை ஒளித்துவைக்கவில்லை, ஏனென்றால் எதிரில் இருப்பது வேறு கம்பெனி.

அப்ரைசல் ஃபார்மில் மட்டும் இன்னும் "தனிநபர் சாதனை" என்று பெரிய கட்டமும், அடியில் "மற்றவை" என்று ஒரு கோடும்தான் இருக்கிறது. லாக் புக், சொல்லிக்கொடுத்தது, அடுத்த ஷிப்டின் முதல் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அந்தக் கோட்டில் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதுகிறேன். இந்த வருஷம் ஒரு தனித்தாள் இணைத்து அனுப்பியிருக்கிறேன். ஹெச்.ஆரிலிருந்து, ஃபார்மட்டில் இதற்கு இடமில்லை என்று மெயில் வந்திருக்கிறது. ஃபார்மட்டை மாற்றுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.