கண்மாய்ச் சேற்றில் உள்ளான்: வெளிச்சமும் கூர்மையும்

கரைப்பறவைகளைப் படம் எடுக்கக் கடலோரம்தான் போக வேண்டும் என்றில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் கண்மாய்கள் தை பிறந்ததும் ஓரத்தில் வற்றத் தொடங்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்த ஈரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் இரை பொறுக்கும். இந்த வட்டாரத்தில் பறவை என்றாலே பலரும் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போவார்கள். அங்கே மரத்தில் கூடு கட்டும் நாரைகள் அழகுதான். ஆனால் எனக்கு இந்தச் சேற்றுக் குருவிகள் மேல்தான் ஆசை.

நெடுங்கால் உள்ளானுக்கு உடம்பு வெள்ளை, இறக்கை கறுப்பு. அது கருத்த தண்ணீருக்கு முன்னால் நின்றால் கேமரா படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும். மார்பு வெளிறி, இறகின் வரிகளே போய்விடும். நாலடி நடந்து பளபளக்கும் தண்ணீருக்கு வந்தால் அதே பறவை இருட்டடித்துப் போகும். இத்தனைக்கும் அதன் மேல் விழும் வெயில் மாறவே இல்லை, மாறியது பின்னணி மட்டும். இது புரிந்த பிறகு வெளிச்ச அளவை கேமராவிடம் விடுவதில்லை. ஷட்டர் வேகம், லென்ஸ் துளை (எஃப் எண்), ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) மூன்றையும் நானே வைக்கும் முழு மேனுவல்தான். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் திரும்பவும் பழைய கதை.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, வெள்ளை மார்பை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். அளவு மீறி வெளிறிய இடத்தைக் காட்டும் எச்சரிக்கையாகத் திரையில் மார்பு மினுக்கினால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் இறக்குவேன். தை மாதக் காலை ஏழரை மணிக்கு 1/1600, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 640 என்று பெரும்பாலும் வந்து நிற்கும். வெயில் ஏற ஏற மறுபடி சரிபார்க்க வேண்டும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில் இறக்கையின் கறுப்பைப் பிறகு தூக்கி எடுக்கலாம். வெளிறிய வெள்ளை திரும்பி வராது.

கூர்மை விஷயத்தில் மங்கிய படங்களை அழிக்காமல் பெரிதாக்கிப் பார்த்ததுதான் பெரிய உதவி. கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவைக்கு முன்னால் உள்ள சேறு தெளிவாக இருந்து கண் மங்கினால் ஃபோகஸ் முன்னால் விழுந்திருக்கிறது. எதுவுமே தெளிவில்லாமல், நேராக நிற்கும் கோரைகூட நெளிந்து தெரிந்தால் அது கானல், வெயில் சூட்டில் காற்று ஆடுவது. அதற்கு எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் மருந்து கிடையாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தரையோடு படுத்து எடுத்தால்தான் பின்னணி கரைந்து பறவை தனித்துத் தெரியும். ஆனால் கானல் அதிகம் ஆடுவதும் தரையை ஒட்டித்தான். அதனால் படுத்து எடுப்பதெல்லாம் வெயில் ஏறும் முன்பே. மணல் நிரப்பிய துணிப்பையை லென்ஸுக்கு அடியில் கொடுக்கிறேன், முக்காலியை விட அது எனக்கு வசதி. வெயில் ஏறிவிட்டால் பக்கத்தில் வரும் பறவை மட்டும்தான்.

பக்கத்தில் வர வைக்க ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வழி சொன்னார்: “தம்பி, நீங்க அதத் தேடிப் போகாதீக. ஆடு கூட்டத்தோட உக்காந்துட்டா அதுவா வரும்.” அப்படியே நடந்தது. பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் முதல் தடவையாகத் தெளிவாகக் கிடைத்தது.

பறக்கும்போது எடுப்பது இன்னும் கைவரவில்லை. ஷட்டர் வேகத்தை 1/2500க்கு ஏற்றி, ஆள்காட்டிப் பறவையை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.