அசேக்கியா என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு

ஸ்பானிய மொழி பேசும் மக்களின் பண்பாடுகளைப் பட்டப்படிப்பாக எடுக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "அது மொழிப் படிப்பாம்மா, வரலாறா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நான் படித்த கல்லூரியில் அது பல துறைகள் சேர்ந்து நடத்தும் படிப்பு. மொழியும் இலக்கியமும் ஒரு துறையில்; வரலாறு, மானிடவியல், புவியியல் ஆகியவை வேறு வேறு கட்டடங்களில். பட்டம் பெற மொத்தம் 120 கிரெடிட், அதாவது பாட மதிப்பு அலகுகள். எந்த வகுப்பு எதில் சேரும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே தனி வேலை.

மொழியை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். அந்தப் பயம் சில வாரங்களில் பாதியாகிவிட்டது. 'மே குஸ்தா' என்ற அமைப்பில் வகுப்புத் தோழர்கள் திணறியபோது எனக்கு அது 'எனக்குப் பிடிக்கும்' என்பதாகவே காதில் விழுந்தது. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. 'நான்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது. மேசைக்கு அங்கே 'மேசா'. நம் மேசை போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஸ்பானிஷ் கற்க விரும்பும் தமிழர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலத்துக்கு மாற்றிப் படிக்காதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள். விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும்போது வினைச்சொல் வேறு உருவம் எடுப்பதற்கு மட்டும் குறுக்குவழி இல்லை. எனக்கு அது பழக ஒன்றரை ஆண்டு ஆனது.

இரண்டாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் 'அசேக்கியா' என்ற சொல்லைக் கேட்டேன். பாசன வாய்க்கால் என்று பொருள். அரபு மொழியின் 'சாக்கியா'விலிருந்து வந்தது. 711இல் இஸ்லாமியர்கள் ஸ்பெயினுக்கு வந்த பின் வேரூன்றிய சொல், 1598இல் குடியேற வந்த ஸ்பானியர்களோடு நியூ மெக்சிகோவின் ரியோ கிராந்தே ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. அங்கே பூர்வகுடிகளான புவேப்லோ மக்கள் அதற்கு முன்பே வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பானியர்களின் கொடுமை பொறுக்காமல் 1680இல் எழுந்து பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களை விரட்டியும் வைத்தார்கள். மெக்சிகோவுடன் செய்த 1848 உடன்படிக்கையில் நிலம் அமெரிக்காவின் கைக்குப் போனது. அசேக்கியாவும், தண்ணீரைப் பங்கிட்டுத் தரும் 'மயோர்தோமோ' என்ற பொறுப்பும் இன்றும் இருக்கின்றன. சிவகங்கைப் பக்கம் எங்கள் அய்யாவின் ஊர்க் கண்மாயில் மடை திறந்த நீர்ப்பாய்ச்சி அந்த வகுப்பிலேயே என் கண்முன் வந்து நின்றார். என் ஆய்வேட்டின் தலைப்பு அன்றே முடிவாகிவிட்டது.

மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் ஸ்பெயினின் வலென்சியா நகரில் படித்தேன். வியாழக்கிழமைகளில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்று வாய்க்கால்கள் எட்டுக்கும் ஒருவர் வீதம், கறுப்பு மேலங்கி அணிந்த விவசாயிகளே நீதிபதிகள். வழக்கறிஞர் இல்லை. விசாரணை முழுவதும் வாய்மொழி, மேல்முறையீடும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் வலக்கரைக்காரர் என்றால் தீர்ப்பை முன்மொழிபவர்கள் இடக்கரைக்காரர்கள். இந்த ஏற்பாட்டைப் படித்தபோது வியந்தேன். நேரில் நின்றபோது மெய்சிலிர்த்தது. ஆனால் அங்கே பேசிய மொழி ஸ்பானிஷ் அல்ல, வலென்சிய மொழி. ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி அழைத்தார்கள்; அன்று வழக்கு எதுவும் இல்லை; சில நிமிடங்களில் முடிந்தது. அடுத்த வாரமே வலென்சிய மொழியின் தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். ஸ்பெயின் என்றால் ஒரே மொழி என்ற எண்ணத்தோடு யாரும் அங்கே போக வேண்டாம்.

திரும்பி வந்ததும் சிக்கல். அங்கே நான் படித்த பாசன வரலாற்றுப் பாடத்துக்குக் கிரெடிட் தர எங்கள் கல்லூரியில் இரண்டு துறைகளும் மறுத்தன. அது புவியியல் பாடம் என்றது மொழித்துறை. ஸ்பானிஷில் நடந்த பாடத்தை மதிப்பிட முடியாது என்றது புவியியல் துறை. பல துறைகள் சேர்ந்த படிப்பு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர்களே அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய வேதனை. பாடத்திட்டத்தை மொழிபெயர்த்து, விடைத்தாள்களையும் இணைத்து மனு கொடுத்தேன். ஏழு வாரங்கள் காத்திருந்த பிறகு கிடைத்தது. வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போகிறவர்கள், எந்தப் பாடம் எந்தத் துறையின் கணக்கில் சேரும் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

நியூ மெக்சிகோவில் மார்ச் மாதத்தில் தண்ணீர் விடும் முன் அசேக்கியாவைத் தூர்வாருவார்கள். பங்குதாரர் ஒவ்வொருவரும் வர வேண்டும், அல்லது ஆள் அனுப்ப வேண்டும். நம் குடிமராமத்தேதான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நானும் மண்வெட்டியோடு இறங்கினேன். "மீஹா, அந்த சொக்கேத்தேயை இந்தப் பக்கம் தள்ளு" என்றார் மயோர்தோமோ. மீஹா என்றால் 'என் மகளே'. சொக்கேத்தே அந்த ஊர்ச் சேறு. மெக்சிகோவின் நாவாத்ல் மொழிச் சொல். சேற்றை அள்ளிப் போட வந்து நின்ற லாரிக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த 'த்ரோக்கா' என்று பெயர். 'கொண்டுவந்தேன்' என்பதற்கு அவர் 'த்ரூஹே' என்றார். பாடப்புத்தகத்தில் 'த்ராஹே' என்றுதான் இருக்கும். அவர் சொன்னதோ பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வழங்கிய வடிவம். அரபு வாய்க்காலில் நாவாத்ல் சேறு. நான்கு துறைகளில் தனித்தனியாகப் படித்தவை அந்த ஒரு கரையில் சேர்ந்து கிடந்தன. அன்று மாலை கை கொப்பளித்திருந்தும் இரவு வரை எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வேட்டுக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் சொற்களை இன்னும் ஆராயச் சொன்னார். மற்றவர் வரைபடம் போதாது என்றார். மூன்று முறை திருத்தி எழுதி, இருவருக்கும் ஒரே பிரதியைத் தரும் நிலைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. வாய்மொழித் தேர்வு ஸ்பானிஷில் நடந்தது. "உங்கள் ஊரில் மயோர்தோமோவுக்கு என்ன பெயர்?" என்று புவியியல் ஆசிரியர் கேட்டார். நீர்ப்பாய்ச்சி என்றேன். மூன்று முறை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

தேர்ச்சி பெற்றதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மயோர்தோமோவின் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னுரையைப் படிக்கவில்லை. வரைபடம் இருந்த பக்கத்தைத் திறந்து, விரலால் வாய்க்காலைத் தொடர்ந்து கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த மதகு பாலத்துக்குக் கீழே, மேலே இல்லை" என்றார். பென்சில் வாங்கி அங்கேயே திருத்திக் கொடுத்தேன்.