லீஸ் பர்ச்சேஸில் லாரி எடுத்து ஓட்டிய முப்பது வாரம்

சங்ககிரிப் பக்கம் பிறந்தவனுக்குச் சொந்த வண்டி ஆசை யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் லாரி இருந்தது, மீதி வீட்டில் லாரியை விற்ற கதை இருந்தது. அமெரிக்கா வந்து கனரக வாகனம் ஓட்டும் சி.டி.எல். உரிமம் எடுத்து ஒரு கம்பெனியில் பதினாலு மாதம் மைலுக்கு 55 சென்ட் என்று ஓட்டிக்கொண்டிருந்தவன், முன்பணம் வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் பார்க்கமாட்டோம், மூன்று வருடத்தில் வண்டி உங்களுடையது என்று இன்னொரு கம்பெனி போட்ட விளம்பரத்தைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன். 2023 மார்ச்சில் கையெழுத்துப் போட்டேன். அக்டோபரில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது தெரிந்த பையன்கள் இரண்டு மூன்று பேர் இதே மாதிரித் திட்டத்தில் சேரலாமா என்று கேட்பதால், ஒவ்வொருவரிடமும் போனில் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடுகிறேன்.

லீஸ் பர்ச்சேஸ் என்றால், வண்டியையும் கம்பெனியே தரும், லோடும் கம்பெனியே தரும், வாரா வாரம் நாம் ஓடிச் சம்பாதித்ததில் தவணையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கும். சட்டப்படி நாம் அங்கே சம்பள ஆள் கிடையாது, ஒப்பந்தக்காரர். டீசல், டயர், ரிப்பேர், வரி எல்லாம் நம் தலையில். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது.

அறிமுக வகுப்பு மூன்று நாள். பாதுகாப்பு வீடியோ, சிறுநீர்ப் பரிசோதனை, சின்னதாக ஒரு ஓட்டத் தேர்வு என்று இரண்டரை நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார்கள், பக்கத்திலேயே சாவி. ராத்திரி படித்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்றதும் ஒப்பந்தத்தை நீட்டிய அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது, எல்லோரும் இப்போதே போடுகிறார்கள் என்றார். நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் பிரதி கொடுத்தார். இந்தத் திட்டத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

மோட்டலில் உட்கார்ந்து படித்தபோதுதான் ஒப்பந்தம் ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. வண்டிக்கு ஒரு லீசிங் கம்பெனியோடு ஒன்று, லோடு ஓட்ட டிரக்கிங் கம்பெனியோடு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கட்டடம், வேறு வேறு கதவு. ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும் என்று ஒரு வரி இருந்தது. அதாவது லோடு சரியாகத் தரவில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய் ஓட்ட முடியாது.

ஊரில் அப்போது காலை. லாரித் தொழிலிலேயே தலை நரைத்த மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஆர்.சி. யார் பேருல இருக்குது கண்ணு?"

"லீசிங் கம்பெனி பேருலதானுங்க மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம் ஊரில் ஃபைனான்ஸில் எடுத்தாலும் ஆர்.சி. புத்தகம் நம் பெயரில்தான் இருக்கும், ஃபைனான்ஸ்காரர் பெயரை அதில் ஒரு ஓரத்தில் குறித்திருப்பார்கள். இங்கே கடைசித் தவணையும் கட்டி முடிக்கும்வரை டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் நம் பெயர் வராது.

"லோடு இல்லாத நாளைக்கு?"

"அன்னைக்கும் கட்டோணுங்க மாமா."

"வண்டி நின்னாலும் வட்டி நிக்காது கண்ணு. பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். கேட்டுக்கொள்வது வேறு, கேட்டபடி நடப்பது வேறு.

வண்டி மூன்று வயதான ஸ்லீப்பர், அதாவது கேபினுக்குள்ளேயே படுக்கை உள்ளது, ஓட்டமானியில் 3,80,000 மைல். வாரத் தவணை 780 டாலர், 156 வாரம், கடைசியில் மொத்தமாக 15,000. கூட்டினால் 1,36,680 வருகிறது. அதே வயசு, அதே மைல் வண்டிகளை அப்போது விளம்பரங்களில் எழுபது, எழுபத்தைந்து ஆயிரத்துக்குப் போட்டிருந்தார்கள். இந்தக் கூட்டலை நான் போட்டது கையெழுத்துப் போட்ட பிறகு, ஐந்தாவது வாரம், ஒரு கிடங்கு வாசலில் லோடு இறக்கக் காத்திருந்தபோது.

எடுக்குமுன் வண்டியை மட்டும் ஓரளவு ஒழுங்காகப் பார்த்தேன். நாலு பக்கமும் போட்டோ, ஒவ்வொரு டயரிலும் பட்டன் ஆழத்தை அளந்து அளவுகோல் தெரியும்படி போட்டோ, என்ஜின் ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன், கம்ப்யூட்டரில் பழைய கோளாறுக் குறியீடுகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். கேட்காமல் விட்டது ஒன்று: புகை வடிகட்டியையும் அதன் சென்சார்களையும் கடைசியாக எப்போது கவனித்தார்கள் என்பது. அதற்கு ஜூனில் பதில் கிடைத்தது.

இனி வாரக் கணக்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிடித்தது: தவணை 780, இன்சூரன்ஸ் வகையறா 100, நம்பர் பிளேட், பர்மிட், கனரக வாகன வரி சேர்த்து 45 (அந்த மத்திய வரி மட்டும் இந்த எடை வண்டிக்கு வருடம் 550 டாலர்), எஸ்க்ரோ என்ற வைப்புப் பணம் 50. ஆக 975. இதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 10 சென்ட் பராமரிப்பு நிதிக்கு. வருமானம் என்று பார்த்தால் லோடு வாடகையில் 68 சதவீதமும் டீசல் செலவுக்காக வாடகையோடு தனியாக வரும் கூடுதல் கட்டணம் முழுவதும் எனக்கு.

சேர்ந்தது வியாழக்கிழமை. அந்தக் கம்பெனிக்கு வாரம் செவ்வாய் நள்ளிரவோடு முடியும். அதற்குள் இறக்கிப் பேப்பர் அனுப்பிய லோடுதான் அந்த வாரக் கணக்கில் வரும். முதல் வாரம் 610 மைல்தான் ஓடினேன், அதில் 90 மைல் காலி. வரவு 843, டீசல் 336, பிடித்தம் 975, பராமரிப்பு நிதி 61. கடைசி வரியில் கழித்தல் 529 என்று இருந்தது. அடுத்த வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆறு நாள் ராப்பகலாக வண்டியிலேயே கிடந்துவிட்டுக் கடனில் தொழிலைத் தொடங்கியதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சம்பளம் அடுத்த வாரம்தான் போடுவாங்க" என்று மட்டும் சொன்னேன். யாராவது சேர்வதாக இருந்தால், எந்த நாளில் வாரம் தொடங்குகிறது என்று கேட்டு அந்த நாள் காலையில் சாவி வாங்குங்கள். யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

நல்ல வாரம் எப்படி இருக்கும்? 2,400 மைல், அதில் 2,150 லோடோடு. வரவு கிட்டத்தட்ட 3,490. டீசல் 1,320. பிடித்தம் 975, பராமரிப்பு நிதி 240. கையில் 950 சொச்சம். அதே 2,400 மைலைச் சம்பளத்துக்கு ஓட்டியிருந்தால் 1,320 வந்திருக்கும், டயர் வெடித்தால் போனை எடுத்துச் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். 2021-இல் வாடகை ஏறிக் கிடந்தபோது இதே திட்டத்தில் காசு பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. 2023-இல் வாடகை இறங்கிவிட்டது, தவணை இறங்கவில்லை. 1,400 மைல் மட்டும் கிடைத்த வாரங்களும் உண்டு, அப்போது கையில் நின்றது 140 டாலர்.

எந்த லோடையும் மறுக்கலாம், கட்டாயம் கிடையாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உண்மைதான், மறுக்கலாம். மறுத்தால் அடுத்த லோடு மறுநாள்தான் வரும், அந்த நாளுக்கும் 139 டாலர் ஓடும். 975-ஐ ஏழால் வகுத்து நான் வைத்திருந்த எண் அது. அது மண்டையில் உட்கார்ந்த பிறகு எதையும் நிம்மதியாகச் செய்ய முடியவில்லை. மகள் பிறந்தநாளுக்கு மூன்று நாள் வீட்டில் இருந்தேன், கேக் வெட்டும்போதும் மனசு 417 என்று கூட்டிக்கொண்டிருந்தது.

என் கையில் இருந்த ஒரே விஷயம் டீசல். 68 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவன் 62-க்கு இறக்கினேன். காலனுக்கு 6.8 மைல் கொடுத்த வண்டி 7.3 கொடுத்தது. வாரம் தொண்ணூறு டாலர் மிச்சம். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். இன்னொன்று எனக்குத் தாமதமாகப் புரிந்தது: பம்பில் விலை குறைவாக இருக்கும் மாநிலத்தில் போட்டால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐ.எஃப்.டி.ஏ. என்ற ஏற்பாட்டில் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினோமோ அந்த மாநிலத்துக்கு எரிபொருள் வரியைக் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து வாங்கிவிடுவார்கள். அதனால் வரியைக் கழித்த விலை எங்கே குறைவு என்றுதான் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவில் பம்ப் விலையைக் கண்டு ஓடியிருக்கிறேன், கழித்துப் பார்த்தால் சில நாள் அங்கேதான் மலிவு.

ஜூனில் டெக்சஸ், அமரில்லோவுக்குக் கிழக்கே ஐ-40 சாலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சென்சார் கோளாறு. முதலில் இழுவை குறைந்தது, கொஞ்ச நேரம் கழித்து மணிக்கு 5 மைலுக்கு மேல் போகமாட்டேன் என்று வண்டி அடம் பிடித்தது. மாசு விதிப்படி என்ஜினை அப்படித்தான் அமைத்திருந்தார்கள். இழுவை வண்டி, வொர்க்‌ஷாப் வரிசையில் நாலு நாள், வேலை இரண்டு நாள், பில் 2,870. பன்னிரண்டு வாரமாகச் சேர்ந்த பராமரிப்பு நிதி 2,300. மிச்சம் 570-ஐத் தவணை போட்டுப் பிடித்தார்கள். அந்த ஆறு நாளும் 975-இல் தன் பங்கு ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டல் ஜன்னலில் இருந்து பார்த்தால் வொர்க்‌ஷாப் தெரியும், வரிசையில் மூன்றாவதாக என் வண்டி. மாமா சொன்னது அங்கேதான் உறைத்தது, ஆனாலும் அவருக்குப் போன் போடவில்லை.

வரி பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். கம்பெனி எதையும் பிடிக்காது, வருடம் முடிந்ததும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டும் 1099 படிவம் வரும். லாபத்தின் மேல் சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம், வருமான வரி தனி. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தடவை முன்கூட்டிக் கட்ட வேண்டும். வீட்டை விட்டு வெளியே தங்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படி கழித்துக்கொள்ளலாம், அப்போது முழு நாளுக்கு 69 டாலர், அதில் 80 சதவீதம். நான் ஒவ்வொரு வாரமும் கையில் வந்ததில் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிட்டேன், தொடவே இல்லை.

ஆகஸ்டில் இதற்கு மேல் தாங்காது என்று முடிவாகிவிட்டது. விட்டுவிட்டு ஓடினால் ஒப்பந்த மீறல், பெயரும் கெடும். ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், முப்பது நாள் முன்னறிவிப்போடு வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருந்தது. எழுத்தில் கொடுத்தேன், போனில் சொன்னதை எல்லாம் மின்னஞ்சலில் திரும்ப அனுப்பி வைத்தேன். அக்டோபர் முதல் வாரம் அவர்கள் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி போட்டோ எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம். எஸ்க்ரோவில் இருந்தது 1,500. முன் டயர் இரண்டுக்கு 920, சுத்தம் செய்ய 275 கழித்து 305 தருகிறோம் என்றார்கள். இங்கே மத்திய அரசின் ட்ரூத் இன் லீசிங் விதி ஒன்று இருக்கிறது, 49-ஆம் தொகுப்பில் 376-ஆம் பகுதி. என்னென்ன பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், கடைசிப் பிடித்தங்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், எஸ்க்ரோவுக்கு வட்டி தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சதவீதத்தில் ஓட்டுகிறவர் லோடின் அசல் பில்லைப் பார்க்கவும் உரிமை உண்டு. விதி எண்ணைப் போட்டு, முதல் நாள் டயர் போட்டோவையும் கடைசி நாள் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். டயர் பிடித்தம் போய்விட்டது. 41-ஆம் நாள் 1,225 டாலரும் சில டாலர் வட்டியும் வந்தது. சுத்தம் செய்த 275-ஐ விட்டுவிட்டேன், வண்டியில் சாம்பார் வாசனை இருந்தது உண்மைதான்.

பராமரிப்பு நிதியில் கடைசியாக 2,900 சொச்சம் இருந்தது. அது வரவில்லை. மீதி இருந்தால் லீசிங் கம்பெனிக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது. எஸ்க்ரோ வேறு, பராமரிப்பு நிதி வேறு என்று மோட்டலில் படித்த ராத்திரி எனக்குப் புரியவில்லை. 2025 ஜனவரியில், அரசாங்கம் அமைத்த ஒரு குழு இந்த லீஸ் பர்ச்சேஸ் திட்டங்களையே தடை செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அதைப் படித்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது.

இப்போது மறுபடி சம்பளத்துக்கு ஓட்டுகிறேன், வேறு கம்பெனி. போன குளிர்காலத்தில் ஓஹையோவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் என் பழைய வண்டி நின்றது. எண் அதே, கதவில் நான் போட்ட கீறலும் அப்படியே. ஒரு இளம்பையன் டீசல் போட்டுக்கொண்டிருந்தான். எத்தனையாவது வாரம் என்று கேட்டேன், ஆறு என்றான், லீஸ் வண்டி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஆச்சரியம். வலது பக்கக் கண்ணாடியின் ஹீட்டர் மழையில் அணைந்துவிடும், ஃபியூஸ் பெட்டியில் மூன்றாவது வரிசையைப் பார் என்று சொன்னேன். டயரையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். போனை எடுக்கச் சொல்லி, இரண்டு பேருமாக அந்தக் குளிரில் பத்து டயரையும் சுற்றி வந்து எடுத்தோம்.