பனியை உருக்கி அளப்பவர்கள்

1997 ஜூலையில் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்து மேற்கில் பேய்மழை. சில மைல் கிழக்கே அதில் சிறு பங்குதான். வெள்ளம் ஐந்து பேரைக் கொண்டுபோனது. இப்படி இடத்துக்கு இடம் மாறும் மழையையும் பனியையும் அளக்க, மறு ஆண்டே அங்கே பிறந்தது கோக்கோராஸ் (CoCoRaHS) தன்னார்வலர் அமைப்பு.

அதில் சேர்ந்த மாணவர்களும் பெரியவர்களும் காலை ஏழு மணிவாக்கில் வெள்ளைப் பலகையில் படிந்த புதுப்பனியில் அளவுகோலை இறக்குகிறார்கள். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குவரை குறிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வேலை. மழைமானி உருளைக்குள் விழுந்த பனியில், அளந்தெடுத்த வெந்நீரை ஊற்றி உருக்குகிறார்கள். ஊற்றியதைக் கழித்தால் பனிக்குள் எவ்வளவு தண்ணீர் என்பது தெரிந்துவிடும். ஆற்றுக்கும் அணைக்கும் அந்தக் கணக்குத்தான் உயிர்நாடி. ஒன்றுமே விழாத நாளிலும் பூஜ்யம் என்று பதிகிறார்கள். வறட்சியைக் கணிக்க அதுவும் வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நண்பர்களே, இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளுங்கள்.