கிங்கும் ஃபுட்டும்: சேலத்துப் பாறைகளைப் படித்த இருவர்

ஏற்காட்டின் பழைய மனிதர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் பெயர் எப்படியும் வந்துவிடும். அவருடைய கூட்டாளியான வில்லியம் கிங்கை நினைப்பவர்கள் மிகக் குறைவு. திருச்சி, சேலம், தென்னார்க்காடு முதலிய மாவட்டப் பகுதிகளின் நிலவியல் அமைப்பைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கையை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1864-இல் வெளியிட்டது. அதில் முதலில் நிற்பது கிங்கின் பெயர்தான்.

சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியும் கொண்டு நில அளவையாளர்கள் முன்பே வரைந்திருந்த படங்களின் மேல்தான், எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் நிலவியலாளர்கள் குறித்துச் சென்றார்கள். அந்த வேலைக்குச் சேலத்தைவிட வளமான மாவட்டம் அமைவது கடினம். கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது அடுக்கடுக்காகக் கிடக்கிறது. சேர்வராயன் மலையடிவாரக் குன்றுகளில், கரும்பாறையின் வெடிப்புகளுக்குள் வெள்ளைக்கல் வலைபோல் ஓடுகிறது. பார்வைக்குச் சுண்ணாம்பாகத் தெரியும் அது உண்மையில் மக்னீசியம் கார்பனேட். பரங்கிப்பேட்டை இரும்பாலைக்கு 1830களிலேயே சேலத்துத் தாது போய்க்கொண்டிருந்ததால், இந்த ஆய்வுக்கு அரசு செலவிட்டதன் காரணம் அறிவார்வம் மட்டுமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்த செய்தி பாடநூல் வரை போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகள் கிடைத்தபோது கிங்கும் உடனிருந்தார். இதில் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு: அழிந்துபோன பழங்கால மனித வகையான நியாண்டர்தால் மனிதனைத் தனி இனமாகக் கொண்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய அயர்லாந்தின் கால்வே நகரப் பேராசிரியர் வில்லியம் கிங், அதே பெயர் கொண்ட நம் கிங்கின் தந்தை. மகன் தமிழ்நாட்டில் கற்கருவிகளைப் பொறுக்கிய அதே காலத்தில்தான் தந்தை அந்தப் பெயரை முன்மொழிந்தார்.

பின்னாளில் கிங் துறையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். 1891-இல் ஓய்வு பெற்ற ஃபுட், ஏற்காட்டில் வீடு அமைத்து, தாம் சேர்த்த தொல்பொருள்களை அங்கேயே வைத்திருந்தார். 1904-இல் சென்னை அருங்காட்சியகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஊரோடு ஒட்டி வாழ்ந்தவரை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது இயல்புதான். ஆனால் சேலத்து வெள்ளைக்கல்லைப் பற்றி எழுதும் நிலவியலாளர்கள் இன்றும் 'கிங், ஃபுட், 1864' என்று இருவரையும் சேர்த்தே மேற்கோள் காட்டுகிறார்கள்.