தரங்கம்பாடியில் பொங்கல் லீவு

வேலூர்க்காரனுக்குக் கடல் என்றாலே ஆசை கொஞ்சம் அதிகம்தான். பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பொங்கல் லீவுக்குக் கூட்டாளிகளோடு தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. "நம்ம கோட்டைக்கு இது ஒரு மூலைக்குக் காணாதுடா" என்றான் ஒருத்தன். ஊர்ப்பெருமை விடுமா! பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடலே தின்றுவிட்டது.

மற்றபடி ஒன்றும் செய்யவில்லை, அவனவன் காற்றாடச் சாய்ந்து கிடந்தான். மத்தியானம் சங்கரா மீன் வறுவல்; வால் பக்கம் மொறுமொறுவென்று, முள்ளோடு கடிக்கலாம். அப்பவும் அந்தக் கோட்டைக்காரன், "ஆம்பூர் பிரியாணி மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். வாயில் இன்னொரு துண்டை வைத்து அடைத்தோம்.

சரி, அடுத்து எப்போ சேர்ந்தாப்ல லீவு வருது? யாராவது காலண்டரைப் பாருங்கப்பா.